கட்டைவிரலில் தாளம், மடியில் கிற்றார்

தம்ப்ஸ்டைல் என்பது ஒரு கிற்றாரில் இரண்டு பேரின் வேலையை ஒருவரே செய்யும் வாசிப்பு முறை. வலது கட்டைவிரல் தடித்த கம்பிகளில் விடாமல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அதே கையின் ஆட்காட்டி விரல், சிலருக்கு நடுவிரலும் சேர்ந்து, மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். கண்ணை மூடிக் கேட்பவருக்கு ஒருவர் பாஸ் வாசிக்க இன்னொருவர் பாட்டை வாசிப்பதாகவே படும். இந்த முறையை ஸ்டீல் கிற்றாரில், அதாவது மடியில் மல்லாக்காகக் கிடத்தி இடது கையில் பிடித்த 'பார்' என்ற உலோகத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் கிற்றாரில், கையாள்பவர்கள் மிகச் சிலரே. கூடி வாசிக்கும் இடங்களில் அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் தங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு அவருடைய கையைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு.

கட்டைவிரல் முறை வளர்ந்த இடம் அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி சுரங்க வேலைக்கு நடுவே கிற்றாரும் ஃபிடிலும் வாசித்து வந்தார். 1931இல் இறந்த அவருடைய வாசிப்பு ஒன்றுகூட ஒலிப்பதிவாகவில்லை. ஆனால் அவரைக் கேட்டவர்கள் வழியாக அது கெனடி ஜோன்ஸ், மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகியோருக்கு வந்து, அவர்களிடமிருந்து மேர்ல் ட்ராவிஸ் என்ற இளைஞருக்குப் போய்ச் சேர்ந்தது. 1917இல் மூலன்பர்க் வட்டாரத்தில் பிறந்த ட்ராவிஸ் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மட்டுமே வைத்து வாசித்தார். அவருடைய வாசிப்பை 1930களின் இறுதியில் சின்சினாட்டி வானொலியில் கேட்ட செட் அட்கின்ஸ் என்ற பையனுக்கு அந்தக் கையைப் பார்க்க வாய்ப்பில்லை. இவ்வளவு சத்தம் இரண்டு விரலில் வராது என்று எண்ணி, கட்டைவிரலோடு இன்னும் இரண்டு மூன்று விரல்களைச் சேர்த்துப் பழகினார். உலகம் முழுவதும் இன்று பரவியிருப்பது அவர் தவறாக ஊகித்து உண்டாக்கிய இந்த முறைதான்.

கட்டைவிரலில் மாட்டும் பிக் ஒரு வளையம். அதன் முனை விரலின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இது நகத்தைக் காப்பாற்றுவதோடு, தடித்த கம்பிக்குக் கூர்மையான, ஒரே அளவான சத்தத்தையும் தரும். ட்ராவிஸ் பாணியில் உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிட்ஜுக்கு அருகே பாஸ் கம்பிகளின் மேல் லேசாக அழுந்தியிருக்கும். அதனால் பாஸ் 'டும், டும்' என்று அடங்கி ஒலிக்க, மெட்டுக் கம்பிகள் தடையின்றிக் கணீரென்று கேட்கும். இந்த அழுத்தம் கைவராதவரின் வாசிப்பில் பாஸ் மெட்டை விழுங்கிவிடும். பழகத் தொடங்குபவர்களிடம் அதிகம் காணப்படும் குறை இதுதான்.

ஸ்டீல் கிற்றார் வேறொரு கடலிலிருந்து வந்தது. ஹவாய்த் தீவுகளில் ஓஆஹுவின் லாயியே என்ற ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு 1880களின் பிற்பகுதியில், பள்ளி மாணவனாக இருந்தபோது, இதைக் கண்டுபிடித்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். ரயில் பாதையில் கிடந்த போல்ட் ஒன்றைக் கம்பியில் வழுக்கிப் பார்த்ததில் தொடங்கியது என்பது கதை. கெகுகுவுக்கு முன்பே, 1884 அளவில், கேப்ரியல் டேவியன் என்பவர் இப்படி வாசித்ததாக ஹவாய் இசையமைப்பாளர் சார்ள்ஸ் கிங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். டேவியன் இந்தியாவில் பிறந்து கப்பல் கப்டன் ஒருவரால் கடத்திக் கொண்டுபோகப்பட்டவர் என்பதும் அந்த நினைவுகூரலில் உண்டு. நம் பக்கத்து வழுக்கு வீணையை அவர் சிறுவயதில் பார்த்திருப்பார் என்று சொல்லிவிட ஆசைதான். அதற்கு ஆதாரம் கிடையாது. 1904இல் கெகுகு ஹவாயை விட்டு வெளியேறி அமெரிக்கப் பெருநிலத்தில் வாசித்தும் கற்பித்தும் திரிந்தார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாயன் கிற்றார் நாடு முழுவதும் மோகமாகிவிட்டது.

இந்தக் கருவியில் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகள் வெறும் அடையாளங்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் உயர்த்தப்பட்டிருப்பதால் கம்பிகள் பலகையிலிருந்து ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் மேலே நிற்கும். எங்கே அழுத்தினாலும் பலகையைத் தொடாது. பாரைச் சரியாக ஃப்ரெட்டின் நேர் மேலே வைத்தால்தான் சுருதி சேரும். ஒரு மயிரிழை தள்ளினாலும் காது பிடித்துவிடும். சாதாரண கிற்றாரில் இடது கையின் நான்கு விரல்களும் நான்கு வெவ்வேறு இடங்களில் நிற்க முடியும். ஸ்டீலில் அந்தக் கைக்கு இருப்பது ஒரு நேர்கோடு மட்டுமே. அதனால் கம்பிகளை முன்கூட்டியே ஒரு கோர்டாகச் சுருதி சேர்த்துவிடுவார்கள். பரவலான ஒன்று தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வரும் ஓப்பன் ஜி. பாரே இல்லாமல் மீட்டினால் ஜி மேஜர், 5ஆம் ஃப்ரெட்டில் நேராக வைத்தால் சி, 7இல் வைத்தால் டி. இந்த மூன்று கோர்டில் அடங்கும் எந்தப் பாட்டுக்கும் இது போதும்.

தம்ப்ஸ்டைல் இங்கேதான் முட்டிக்கொள்கிறது. ஜி கோர்டு நடக்கும்போது கட்டைவிரல் 5ஆம், 4ஆம் கம்பிகளை மாறி மாறித் தட்ட வேண்டும்; அவை திறந்து ஒலித்தால்தான் ஜி, டி என்று பாஸ் கிடைக்கும். அதே நேரத்தில் மெட்டு முதல் கம்பியில் 2ஆம் ஃப்ரெட்டுக்குப் போகிறது. பாரைப் படுக்க வைத்தால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து ஏறி, பாஸும் ஏ, ஈ ஆகிவிடும். ஆகவே பாரின் பின்பகுதியை விரலால் தூக்கி, வட்டமான மூக்கை மட்டும் முதல் கம்பியில் ஊன்ற வேண்டும். அடுத்த கணமே சி கோர்டுக்கு மாறினால் பாரைச் சாய்த்து 5இல் முழுவதுமாகப் படுக்க வைக்க வேண்டும். இந்தத் தூக்கலும் படுக்கையும் கட்டைவிரலின் தாளத்தைக் குலைக்காமல் நடப்பதுதான் முழு வித்தை. பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சின்ன விரலும் கம்பிகளை மெல்லத் தடவிக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் பாருக்கும் நட்டுக்கும் இடையே உள்ள கம்பித் துண்டும் அதிர்ந்து வேண்டாத ஓசையைக் கிளப்பும்.

மைனர் கோர்டு இன்னொரு தலைவலி. நேர்கோட்டில் மேஜர் மட்டுமே கிடைக்கும் என்பதால், பாரைச் சரித்துப் பிடிப்பார்கள். அல்லது மைனரின் இரண்டு சுரங்களை மட்டும் தொட்டு மூன்றாவதைப் பக்கத்தில் வாசிப்பவரிடம் விட்டுவிடுவார்கள். உதாரணமாக, திறந்த 3ஆம், 2ஆம் கம்பிகள் ஜி, பி. பக்கத்துக் கிற்றார்காரர் அடியில் ஈ வாசித்தால் அதுவே ஈ மைனராகிவிடும். இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே ஜெரி பேர்ட் போன்றவர்கள் சி6 சுருதியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கால் மிதிகளால் தனித்தனிக் கம்பியின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் வந்தது. 1954இல் வெப் பியர்ஸ் பாடிய பாட்டு ஒன்றில் பட் ஐசக்ஸ் மிதித்த அந்த ஒலிக்குப் பிறகு அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டின் அடையாளமே அதுவாகிவிட்டது. மடியில் கிடத்தும் எளிய கருவியை விட்டுப் பலர் அங்கே போய்விட்டார்கள்.

கட்டைவிரல் வாசிப்பாளர்களின் கூட்டங்களுக்கு மேடை முக்கியமில்லை. 1980களிலிருந்து பல ஆண்டுகள் ஜூலை மாதத்தில் நாஷ்வில் நகரின் ஹோட்டல் ஒன்றில் கூடிய செட் அட்கின்ஸ் இரசிகர் சங்கத்தில், அறிவிக்கப்பட்ட கச்சேரிகளைவிட நடைவழிகளிலும் வரவேற்புக் கூடத்திலும் நள்ளிரவு தாண்டி நடந்த வாசிப்பைத்தான் போனவர்கள் பெரிதாகப் பேசுவார்கள். இத்தகைய கூட்டங்களில் சொல்லாமலே கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு ஒன்று உண்டு. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஐந்து பேருமே கட்டைவிரலால் பாஸ் போட்டால் சத்தம் சேறாகிவிடும். ஆகவே ஒருவர் மெட்டு எடுக்கும்போது ஒருவர் மட்டும் தாளம் பிடிப்பார், மற்றவர்கள் அடக்கி வாசிப்பார்கள். ஸ்டீல் வாசிப்பவருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அவருடைய சுரம் சட்டென்று அடங்குவதில்லை, நீண்டு நிற்கும். மற்றவர் மெட்டின் மேல் அது படர்ந்தால் மரியாதைக் குறைவு. தன் முறை வந்தால் மட்டும் கட்டைவிரலையும் மெட்டையும் சேர்த்துக் காட்டி, மற்ற நேரங்களில் பாஸை நிறுத்தி இரண்டு மூன்று நீண்ட சுரங்களோடு நின்றுகொள்பவரே அங்கே நல்ல ஸ்டீல்காரர்.

ஹவாயன் கிற்றார் தென்னாசியாவுக்குக் கலைஞர்களின் பயணங்கள் வழியாக வந்தது. சமோவாவில் பிறந்த டாவ் மோ தன் குடும்பத்துடன் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். கார்னி நிஸ் அவரிடம் கற்றவர். வான் ஷிப்லி, சுனில் கங்குலி, காஸி அனிருத்தா போன்றோர் சினிமாப் பாடல்களை இந்தக் கருவியில் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட, வானொலி வழியாக அந்த ஒலி வீடுவீடாகப் போனது. ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா அலி அக்பர் கானிடம் கற்று, முழு இராக ஆலாபனைக்கு இதைத் தகுதியாக்கினார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த 1967ஆம் ஆண்டு இசைத்தட்டு இன்றும் விற்கிறது. விஸ்வ மோகன் பட் 20 கம்பிகள் கொண்ட மோகன வீணையை அமைத்து, ரை கூடருடன் வாசித்த ஆல்பத்துக்காக 1994இல் கிராமி விருது பெற்றார். இராகம் வாசித்த இவர்கள் இருவரும் கட்டைவிரலால் கோர்டு தாளம் போட்டதில்லை. இராகத்தில் கோர்டு மாறாது. மாற வேண்டிய தேவையும் இல்லை. அந்த இடத்தைச் சிகாரி எனப்படும் பக்கக் கம்பிகளின் ஆதார சுருதி நிரப்புகிறது.

தமிழ்நாட்டின் கோட்டு வாத்தியம், இன்று சித்திரவீணை என்று அழைக்கப்படுவது, இதே வழுக்கும் தத்துவத்தில் இயங்குவது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். மைசூர் அரசவையின் நாராயண ஐயங்கார் அதில் கூட்டதிர்வுக் கம்பிகளைச் சேர்த்தார். அவருடைய பேரன் ரவிகிரண் வாசிக்கும் கருவியில் 21 கம்பிகள் உண்டு: 6 வாசிப்புக்கு, 3 தாளத்துக்கு, 12 அதிர்வுக்கு. வழுக்கும் துண்டு கருங்காலி, எருமைக்கொம்பு, கண்ணாடி என்று பலவாறு இருந்து டெஃப்லான் வரை வந்துவிட்டது. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, வீணையில் போலவே தாளக் கம்பிகளைத் தட்டுவது சின்ன விரல். கென்ரக்கியில் பெருவிரல் செய்யும் வேலையைத் தஞ்சை மரபு சுண்டுவிரலிடம் கொடுத்திருக்கிறது. அங்கே தாளம் ஒவ்வொரு அடியிலும் விழ வேண்டும், அதற்குப் பலமான விரல் தேவை. இங்கே மிருதங்கம் பக்கத்தில் இருக்கிறது, கம்பி அவ்வப்போது சுருதியையும் தாளத்தையும் நினைவூட்டினால் போதும். ரவிகிரணும் விஸ்வ மோகன் பட்டும் அமெரிக்க புளூஸ் கலைஞர் தாஜ் மஹாலுடன் 1995இல் வெளியிட்ட ஆல்பத்தில் மூன்று விதமான வலது கைகளையும் ஒரே பாட்டில் கேட்கலாம்.

திருகோணமலைக்கு அருகிலுள்ள சாம்பல்தீவில் ஒருவர் தம்ப்ஸ்டைல் ஸ்டீல் வாசிப்பைப் பழக விரும்பினால் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை. ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண கிற்றாரே போதும். நட்டின் மேல் கவிழ்க்கும் உயர்த்தி ஒன்று இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தச்சரிடம் கடின மரத்தில் ஒரு துண்டு வெட்டிப் பள்ளம் போட்டுக்கொள்ளலாம். பாருக்குப் பதிலாக மோட்டார் கராஜில் உள்ள நீள சொக்கற் ஒன்றை எடுத்துத் தொடங்கியவர்கள் உலகெங்கும் உண்டு; மேற்பரப்பு வழவழப்பாகவும் கைக்குக் கனமாகவும் இருந்தால் சரி. நைலான் கம்பிக் கிற்றார் மட்டும் வேண்டாம். பார் அதில் மந்தமாகவே ஒலிக்கும். மலிவான பெட்டியில் கம்பிகளை மேலேற்றி ஓப்பன் ஏ சுருதிக்கு இழுத்தால் பிரிட்ஜ் பெயர்ந்துவிடக்கூடும். மூன்று கம்பிகளைத் தளர்த்திக் கிடைக்கும் ஓப்பன் ஜிதான் பாதுகாப்பு. கடற்கரை ஊரின் உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பியில் பார் வழுக்கும்போது கரகரவென்று கேட்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் வைப்பது நல்லது.

வாசிக்கப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் கல்யாண வீடுகளில் வயலினும் கிற்றாரும் சேர்ந்து ஒலிக்கும் கஃபிரிஞ்ஞா மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று கோர்டுகளுக்குள் முடிந்துவிடும். ஓப்பன் ஜியில் 5ஆம், 7ஆம் ஃப்ரெட்டுகளைத் தாண்ட வேண்டியதில்லை. மாற்றிக்கொள்ள வேண்டியது கட்டைவிரலைத்தான். ட்ராவிஸின் தாளம் நான்கு சம அடிகள். கஃபிரிஞ்ஞா ஆறு எண்ணிக்கையில் துள்ளுவது. ஒன்றில் 5ஆம் கம்பியும் நான்கில் 4ஆம் கம்பியும் என்று கட்டைவிரல் இரண்டு முறை மட்டும் விழ, நடுவே உள்ள எண்ணிக்கைகளை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நிரப்ப வேண்டும். பாரைத் தூக்க அந்த இடைவெளியில் நேரம் தாராளமாகவே கிடைக்கிறது என்பதால், தொடங்குபவருக்குக் கென்ரக்கித் தாளத்தைவிட இது எளிது.