கம்பியின்றி ஒலிக்கும் கிட்டார்



கிட்டார் என்னும் இசைக்கருவியை நீங்கள் அறிவீர்கள். அதில் பொதுவாக ஆறு தந்திகள் உண்டு. மேடையில் வாசிக்கும்போது ஏழாவதாக ஒரு கம்பியும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். கருவியின் அடியிலிருந்து புறப்பட்டு, ஒலிபெருக்கி வரை தரையில் நீண்டு கிடக்கும் மின்கம்பியே அது. ஆறு தந்திகளும் இசையைப் பிறப்பிப்பன. ஏழாவது கம்பியோ இசையைச் சுமந்து செல்வது மட்டுமே. அந்தக் கம்பியை நீக்கி, அதன் வேலையை வானொலி அலையிடம் ஒப்படைப்பது எவ்வாறு? அதனால் விளையும் நன்மை யாது? நம்மேல் வரும் பொறுப்பு யாது? இவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். தந்தி மெல்லியது, காற்றை அசைக்கும் ஆற்றல் அதற்கு மிகவும் குறைவு. ஆதலின் அதன் அதிர்வு, குதிரை வழியாக மேற்பலகைக்குச் செல்லுமாறு கருவி அமைக்கப்பட்டுள்ளது. நம் வீணையிலும் தந்தியைத் தாங்கும் உறுப்புக்குக் குதிரை என்றே பெயர். தடித்த தந்தியை மீட்டினால் அது நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது; அகன்ற பலகையும் உடன் அதிர்ந்து காற்றை அசைக்கிறது. இவ்வொலி ஓர் அறைக்குப் போதும். ஆயிரம் பேர் கூடிய அரங்குக்குப் போதாது.

அரங்கு நிறைய ஒலிக்க வேண்டுமாயின் அதிர்வை மின்சாரமாக மாற்ற வேண்டும். இதற்கு வழிகாட்டியவர்கள் பிரான்சு நாட்டு ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள். சிலவகைப் படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை அவர்கள் 1880ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அமெரிக்காவில் ஹெலிகாப்டர் செய்யும் தொழில் நடத்திய சார்லஸ் கமான் என்பவர், 1960களில் ஓவேஷன் என்னும் கிட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தகைய உணர்கருவியைக் குதிரையில் பொருத்திய கிட்டார்களைப் பரப்பியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

நிற்க. மின்கம்பியால் வரும் இன்னல், கால் இடறுவது மட்டும் அன்று. 1972ஆம் ஆண்டு மே மாதத்தில், வேல்ஸ் நாட்டு சுவான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்னும் மின்கிட்டார் கலைஞர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தார். அவருடைய ஒரு கை கிட்டாரின் தந்தியில் இருந்தது; மறு கை ஒலிவாங்கியைத் தொட்டது. அவ்வொலிவாங்கிக்கு உரிய நிலத்தொடர்பு இல்லை. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லேக்லாந்து நகரில் ஏஸ் ஃப்ரேலி என்னும் கலைஞர், மேடையின் உலோகக் கைப்பிடியைத் தொட்டபோது அவ்வாறே தாக்குண்டு, அரிதில் உயிர் தப்பினார்.

இதன் காரணம் எளிது. கிட்டாரின் தந்திகள் மின்கம்பியின் வெளியுறை வழியாக நிலத்தோடு இணைந்திருக்கும். மின்கசிவுள்ள வேறொரு பொருளைக் கலைஞர் தொட்டால், மின்னோட்டம் ஒரு கையில் புகுந்து, மார்பு வழியாகச் சென்று, மறு கை வழியே நிலத்தை அடையும். கம்பியை நீக்கினால் அந்தப் பாதை அறுபடும். கம்பியில்லா முறையின் தலையாய நன்மை இதுவே. ஆயினும், மேடையின் மின்னிணைப்புகளைச் செம்மையாக வைக்கும் கடமையை இது நீக்கிவிடாது. கால் வழியாகவும் மின்சாரம் பாயும் அன்றோ!

கம்பியில்லா அமைப்பில் இரண்டு கருவிகள் உள. ஒன்று கிட்டாரோடு இணைக்கும் அலைபரப்பி. மற்றொன்று ஒலிபெருக்கியோடு இணைக்கும் அலைவாங்கி. சுருங்கச் சொன்னால், கலைஞர் தம் இடுப்பில் ஒரு சிறு வானொலி நிலையத்தையே சுமந்து நிற்கிறார். 1970களின் நடுவில் அமெரிக்கரான கென் ஷாஃபர் உருவாக்கிய அமைப்பு, இம்முறை பெருமேடைகளில் நிலைபெற உதவியது. ஓர் அலைவாங்கியில் ஒலி மங்கும்போது மற்றொன்று கைகொடுக்குமாறு, இரண்டை வைத்தது அதன் சிறப்பு.

இனி, பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவற்றைக் கூறுவேன்.

முதலாவது, பொருத்தம். படிக உணர்கருவி தரும் மின்னோட்டம் மிகச் சிறிது. குறைந்த மின்தடையுள்ள அலைபரப்பியில் அதை நேரே இணைத்தால் கீழ்ச்சுரங்கள் மெலிந்து, ஒலி தகரம்போல் கேட்கும். ஆதலின் கிட்டாருக்குள்ளேயே முன்பெருக்கி ஒன்று இருத்தல் நலம். இல்லையேல், 10 இலட்சம் ஓம் அளவிலோ அதற்கு மேலோ உள்தடை கொண்ட அலைபரப்பி வேண்டும்.

இரண்டாவது, தாமதம். வானொலி அலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவது. வழியில் தாமதம் இல்லை. ஆனால் ஒலியை எண்களாக மாற்றி மீட்கும் கருவிகள் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு காலத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒலியோ காற்றில் நொடிக்கு 340 மீட்டர் செல்வது. எனவே ஆயிரத்தில் மூன்று பங்கு தாமதம் என்பது, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் பின்னே நிற்பதற்கு ஒப்பாகும். அஞ்சத் தக்கது அன்று.

மூன்றாவது, தடை. பல கருவிகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். நீர் நிறைந்த மனித உடல் அதனைத் தடுக்கும். அலைபரப்பிக்கும் அலைவாங்கிக்கும் இடையே கூட்டம் குறுக்கிடாதவாறு, அலைவாங்கியை உயரத்தில் வைத்தல் வேண்டும்.

நான்காவது, ஊளை ஒலி. கிட்டாரின் வயிறு உள்ளீடற்றது. கம்பி இல்லை என்ற துணிவில் ஒலிபெருக்கியின் முன்னே சென்று நின்றால், அதன் ஒலியே கிட்டாரை அதிரச் செய்து, மீண்டும் பெருகி ஊளையிடும்.

ஐந்தாவது, மின்கலம். கம்பி சோர்வதில்லை, மின்கலம் சோரும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னும் அதனைச் சோதித்தல் இன்றியமையாதது.

இறுதியாக ஒன்று. மின்கம்பி தனி வழி; வான்வெளியோ பொதுவழி. அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வைஃபையும் நுண்ணலை அடுப்பும் இயங்குகின்றன. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கம்பியில்லா ஒலிவாங்கிகள் 2010ஆம் ஆண்டிலும், 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும்பங்கை 2020ஆம் ஆண்டிலும் விட்டு நீங்க நேர்ந்தது. அவ்விடங்கள் கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்டன. விலை கொடுத்து வாங்கிய நல்ல கருவிகள் பலவும் அந்நாளோடு பயன்படுத்தத் தகாதவை ஆயின. ஆகவே, தம் நாட்டுச் சட்டம் எந்த அலைவரிசையை அனுமதிக்கிறது என்று அறிந்த பின்னரே கருவி வாங்க வேண்டும்.

மாணவர்களே, கம்பியைக் களைந்த கலைஞர் மேடையெங்கும் உலவலாம்; ஆனால் அவர் நடப்பது பலரும் நடக்கும் பொதுவழி. பிறர்க்கு இடையூறு செய்யாமலும், பிறரால் இடையூறு நேராமலும் செல்லக் கற்றவர்க்கே அவ்விடுதலை பயன் தரும்.