கைநாட்டும் சம்மதமும்

நோய் வருமுன் காப்பது நம் பெரியோர் வகுத்த நெறி. ஆயினும் வளரும் பிள்ளைக்கு அக்காப்பை அளிக்கும்போது, யாரைக் கேட்டு, எதைச் சொல்லி அளிக்கின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது.

2009-ஆம் ஆண்டில், அந்நாளில் ஆந்திரத்தைச் சேர்ந்திருந்த கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும், 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போடப்பட்டது. பாத் என்னும் அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளின் துணையோடு இதனை நடத்தின. ஊசி போட்டுக்கொண்டவருள் எழுவர் பின்னர் மாண்டனர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பாம்புக்கடி, மலேரியா, நீரில் மூழ்கியமை போன்றவற்றால் நேர்ந்த அம்மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்றே விசாரணைக் குழு கருதியது.

ஆனால் வேறொரு குறை அம்பலமாயிற்று. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 சம்மதப் படிவங்களுள் 1,948-இல் கைநாட்டு இருந்தது; 2,763-இல் கையொப்பமிட்டவரோ விடுதிக் காப்பாளர்! பழங்குடிப் பெற்றோர் பலருக்குச் செய்தியே எட்டவில்லை. 2013 ஆகஸ்டில் பாராளுமன்ற நிலைக்குழு இதனை வன்மையாகக் கண்டித்தது.

இரயில்வே பார்சல் அலுவலகத்தில் ஒரு மூட்டையைக்கூட உரியவர் கையொப்பமின்றி நாங்கள் ஒப்படைப்பதில்லை. பெற்ற மகளின் உடலுக்கு அவ்வளவு மதிப்பேனும் வேண்டாவா?

மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வகுத்த நெறிமுறைப்படி, ஆராய்ச்சிகளில் பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் தேவை. 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், அதற்குமேல் 18 வரை எழுத்து மூலமாகவும் அதனைப் பெறுதல் வேண்டும். ஆராய்ச்சிக்கென எழுந்த விதியெனினும், இதன் உட்கருத்து இல்லந்தோறும் பொருந்தும்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. பள்ளியிலிருந்து வரும் படிவம் இந்தியிலோ மராத்தியிலோ இருக்கும்; மகளே படித்துச் சொல்ல, தந்தை அவசரமாய்க் கையெழுத்திடுவார். அவ்வாறு செய்யலாகாது. எந்த நோய்க்கான ஊசி, எத்தனை தவணை, காய்ச்சல், வலி, மயக்கம் வந்தால் யாரை அணுகுவது என்று கேட்டறிக. பின்னர்த் தாய் தன் மகளுக்கு இனிய தமிழில் எடுத்துரைத்து, அவள் அச்சத்தையும் செவிமடுக்க வேண்டும். படிவம் விளங்காதவர்க்குப் படித்துச் சொல்வதை நம் சங்க இளைஞர் ஒரு தொண்டாகவே மேற்கொள்ளலாம்.

இவ்வூசி உயிர் காப்பது. பல நாடுகளில் பயன் கண்டது. அஞ்சி மறுப்பதும் தவறு. அறியாமல் இசைவதும் தவறு. அறிந்து இசைவதே சம்மதம்.