பேலன்சிங் பண்ணியும் ஸ்டீயரிங் உதறுதா? கோளாறு வேற இடத்துல இருக்கலாம்!

நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் கார் ஓட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அகலமான சாலை, இருபுறமும் மரம், 40 - 50 கி.மீ. வேகத்தைத் தாண்ட அவசியமே இல்லை. அதே கார் ஆர்ச் கேட்டைக் கடந்து, பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டி போய் சென்னை நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கிடுகிடுவென உதறும். ஊர் திரும்பி மெக்கானிக்கிடம் காட்டினால், இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். அவர் சொல்வதும் பொய் இல்லை. அந்த வேகத்தில் உதறல் வெளியே தெரியாது.

ஏன் 90-ல மட்டும்?

185/65 ஆர் 15 அளவு டயர் ஒருமுறை சுற்றினால் கார் சுமார் 1.95 மீட்டர் நகரும். 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு கிட்டத்தட்ட 13 முறை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் வெறும் 20 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால்கூட, அந்த வேகத்தில் இரண்டரை கிலோ எடை அளவுக்கு இழுவிசை உண்டாகும். அது நொடிக்கு 13 முறை திசை மாறி மாறி அச்சை இழுக்கும். வேகம் பாதியானால் இந்த விசை பாதியாகாது, கால் பங்காகிவிடும். டவுன்ஷிப்புக்குள் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு விஷயமும் சேர்கிறது. சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கு நொடிக்கு 10 முதல் 15 அதிர்வு என்ற அளவில் இயல்பான ஆட்டம் இருக்கிறது. சக்கரத்தின் சுழற்சி அதோடு ஒத்துப்போகும்போது உதறல் பெரிதாகும், அதைத் தாண்டினால் குறையும். "110-ல போனா சரியாயிடுது" என்று சிலர் வேகத்தைக் கூட்டிவிடுவது இதனால்தான். கோளாறு அப்படியேதான் இருக்கும், கைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அங்கே டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது நொடிக்கு 50. அதிர்வும் நொடிக்கு 50 என்று பதிவானால் முதல் சந்தேகம் எடைச் சமநிலை மேல் விழும். வேறு எண் வந்தால் வேறு இடத்தில் தேடுவார்கள். காரிலும் கருவி இல்லாமலேயே இதைச் செய்யலாம். அதே 80 கி.மீ. வேகத்தில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றிப் பாருங்கள். உதறல் மாறினால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். மாறவே இல்லை என்றால் சக்கரம் பக்கம்தான்.

எப்போது உதறுகிறது?

மெக்கானிக்கிடம் "வைப்ரேஷன் வருது" என்று மட்டும் சொன்னால் போதாது. ஸ்டீயரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம். பிரேக் அழுத்தும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசப்பட்டாலே பெடல் துடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலருக்கு வீண் செலவு. உதறலுக்கு அலைன்மென்ட் மருந்து இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ பார்ப்பதுதான் அலைன்மென்ட். மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் உதறல் போகவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

பேலன்சிங்கும் செய்தாச்சு, அப்புறம்?

பேலன்சிங் மெஷின் சக்கரத்தை அந்தரத்தில் சுற்றி எடையை மட்டும் பார்க்கிறது. கொஞ்சம் முட்டை வடிவில் வளைந்த ரிம்மைக்கூட அது 'ஜீரோ' காட்டி அனுப்பிவிடும். தரையில் பாரத்தோடு உருளும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். அதனால் சக்கரம் மெஷினில் சுற்றும்போது ரிம் ஓரத்தையும் டயர் மேற்பரப்பையும் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலும் கீழும் துள்ளினாலும், இடவலமாக ஆடினாலும் கண்ணுக்கே தெரியும்.

நெய்வேலி, பண்ருட்டி பகுதியில் இன்னொன்று: செம்மண். மழையில் தோட்டப் பாதையில் போய் வந்தால் ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பிக் காய்ந்துவிடும். கட்டியிருக்கும் ஈயத்தைவிட இது எடை கூட. கழுவாமல் பேலன்ஸ் செய்தால், சேறு உதிர்ந்ததும் உதறல் திரும்ப வரும். குவார்ட்டர்ஸ் மரநிழலில் மாதக்கணக்கில் நின்ற காரின் டயரில் தரையைத் தொட்ட பகுதி தட்டையாகிவிடும். 20 - 30 கி.மீ. ஓடி டயர் சூடேறியதும் குறைந்தால் பயமில்லை. குறையாவிட்டால் டயரை மாற்றத்தான் வேண்டும்.

வெளியே வாங்கிய அலாய் வீலில் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். இடையில் வளையம் போடாவிட்டால் சக்கரம் மையத்தில் உட்காராது. ஹப் முகப்பில் படிந்த துரு, மண்கூட இதே வேலையைச் செய்யும். கம்பி பிரஷ்ஷால் ஐந்து நிமிடம் தேய்த்தால் முடிந்தது, ஆனால் அதை யாரும் செய்வதில்லை.

குழப்பம் தீரவில்லையா? முன் சக்கரங்களை அதே பக்கத்தில் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். உதறல் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்குப் போனால் குற்றவாளி அந்தச் சக்கரம். ஸ்டீயரிங்கிலேயே நின்றால் ஹப், பேரிங், ஆக்சில், சஸ்பென்ஷன் புஷ் என்று தேட வேண்டும்.

எதைத் தள்ளிப்போடக் கூடாது?

நாளுக்கு நாள் கூடும் உதறலை. டயருக்குள் இருக்கும் ஸ்டீல் பெல்ட் பிரிந்தால் முதலில் மெல்லிய தடதடப்பு வரும், பிறகு டிரெட்டில் புடைப்பு தெரியும். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது, டிரெட் பிரிந்து நடந்த விபத்துகளால்தான். குறைந்த வேகத்திலேயே வண்டி குலுங்கினாலோ, டயரில் புடைப்பு தெரிந்தாலோ அன்றே ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள். டயர் வயதைப் பக்கச்சுவரில் பார்க்கலாம்: கடைசி நான்கு எண் 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு.

சக்கரம் கழற்றி மாட்டியதுமே உதறல் தொடங்கினால் நட்டு சரியாக இறுகவில்லை என்று சந்தேகப்படலாம். ஓரமாக நிறுத்தி, எதிரெதிர் நட்டுகளாக இறுக்க வேண்டும். ஏர் கன்னில் 'டர்ர்' என்று ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தால், வண்டி மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கித் தரக் கேளுங்கள். 50 - 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும். ஆர்ச் கேட்டிலிருந்து கிளம்பினால் திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது அதைப் பார்த்துவிடலாம்.