அயலாரின் விசுவாசம்

கத்தோலிக்கரின் பக்தி திருவிழாவோடு முடிந்துவிடுகிறது என்பது சீர்திருத்தச் சபையாராகிய நம்மிடையே நெடுநாள் நிலவும் எண்ணம். வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்தில் திரளும் கூட்டத்தை மட்டும் நோக்குவோர்க்கு அது மெய்யெனத் தோன்றலாம். ஆயினும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் விசுவாசிகள் அனைவரும் திருமறையை அடிக்கடி வாசிக்க வலியுறுத்தியது. நற்செய்தியை அறிவித்தல் பொதுநிலையினரின் பணியுமாகும் என்றது. இவ்வழியில் வளர்ந்தவையே அண்டை வீட்டார் கூடி, மறைநூலை வாசித்துச் செபிக்கும் அன்பியங்கள். இரு சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. கிறிஸ்துவை ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் சந்திக்குமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் அழைத்தார். அவரது அன்பைச் சந்தித்த யாவரும் அவரை அறிவிப்போரே என்றார். ஆகவே, வில்லியனூரிலும் பாகூரிலும் கத்தோலிக்க அயலாரை நோக்கி, “இரட்சிக்கப்பட்டீர்களா?” என வினவுமுன், ஆண்டவர் அவர்களிடத்தில் செய்துவருவதைக் கேட்டறிதல் நம் கடன்.