ஆபரேஷனுக்குப் பின் வாந்தியா? மணிக்கட்டில் சிறு மின்சாரம் குறைக்கிறது!

தர்மபுரி:

வத்தல்மலை கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது உங்களுக்கு வாந்தி வருமா?

அப்படியானால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்!

பஸ்சுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

மயக்கம் தெளிந்ததும் 100 பேரில் சுமார் 30 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. பஸ்சில் வாந்தி எடுப்பவர்கள், பெண்கள், சிகரெட் பிடிக்காதவர்கள், மார்பின் போன்ற வலி மருந்து போடப்படுகிறவர்கள்- இவர்களுக்கு அதிகம். நான்கும் ஒருவரிடமே சேர்ந்தால் 100-க்கு 80 வரை போகும்! (இதற்காக யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.)

வாந்தி எடுத்தால் தையல் இழுபடும். உயிர் போகிற வலி! மயக்கம் சரியாகத் தெளியாதவருக்கு வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.

3 விரல் தூரம்

உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மணிக்கட்டு ரேகையை ஒட்டி, முழங்கை பக்கமாக 3 விரலை வையுங்கள். அதைத் தாண்டியதும், நடுவே கயிறு போலத் தெரியும் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் இருக்கிறது அந்த இடம்.

சீன வைத்தியத்தில் இதற்கு "நெய்குவான்" என்று பெயர்.

வட அயர்லாந்து பெல்பாஸ்ட் நகர மயக்க மருந்து பேராசிரியர் டண்டி, சிறு ஆபரேஷனுக்கு வந்த பெண்களுக்கு இங்கே ஊசி குத்திப் பார்த்து, 1986-ல் முடிவை வெளியிட்டார். வாந்தி குறைந்தது. மின்சாரம் செலுத்தியும் சோதித்தார்.

பிறகு அந்த இடத்தை மரத்துப்போக வைத்தும் பார்த்தார்கள். பலன் போய்விட்டது! ஆக, வேலை செய்வது நரம்புதான்.

இப்போது ஊசியே வேண்டாம். தோலில் பட்டை ஒட்டி, பாட்டரி கருவியால் மின்சாரம் விடுகிறார்கள். "ஷாக்" அடிக்காது. எறும்பு ஊர்வது போல இருக்கும்.

லக்னோ சோதனை

லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிலையத்தில் மின்சாரம் இல்லாமல், அழுத்தும் பட்டை கட்டிச் சோதித்தார்கள். 2000-ல் வெளியான சிறுநீர்ப்பாதை ஆபரேஷன் ஆய்வில் பலன் இல்லை. 2002-ல் வெளியான பித்தப்பை ஆய்விலோ, முதல் 6 மணி நேரம் "ஒண்டன்செட்ரான்" ஊசிக்குச் சமமாக வேலை செய்தது!

ஊசி, மின்சாரம், பட்டை என்று 59 ஆய்வுகளை, 7 ஆயிரத்து 667 பேரை, 2015-ல் சேர்த்துப் பார்த்தார்கள். வாந்தி மருந்துக்கு ஏறக்குறைய சமம் என்று தெரிந்தது. பல ஆய்வுகளின் தரம் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பேஸ்மேக்கர்" வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மின்சாரக் கருவியைத் தொடக்கூடாது. "பட்டைதான் ஒட்டியாச்சே, ஒரு வாய் காபி குடிச்சா என்ன?" என்று ஆபரேஷனுக்கு முன் கேட்காதீர்கள். வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான்.