கருவுறும் முன்பே கவனம் வேண்டும்

ஹைதராபாத் தார்னாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தமிழர்களுக்குப் புதியதல்ல. 1918-ல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடமே 1958-ல் இங்கே குடிபெயர்ந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதன் இயக்குநராக இருந்தவர். தாயின் உணவும் சேயின் நலமும் இங்கு நெடுங்காலமாக ஆராயப்படுகின்றன.

இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. கர்ப்பமான பிறகு மாத்திரை கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதற்குள் பலருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே தெரிவதில்லை. ஆகவே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தேவை.

ரத்தப் பரிசோதனையோடு சில கேள்விகளும் அவசியம். மணமகளுக்கு வயது பதினெட்டு நிறைந்ததா? வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைச் சாப்பிடுபவர் அவர்தானா? முந்தைய பிரசவம் கழிந்து இரண்டாண்டுகள் ஆயினவா? தாய்வீடு ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருக்க, இங்கே அவருக்குத் துணை யார்?

வளைகாப்புக்கு ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது விசாரிப்பது தாமதம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைவா என்பதைத் திருமணமான கையோடு பார்த்துவிடுவதே நல்லது.