கை விரித்து நிற்கும் வீரன்

2011-இல் வந்த ஸ்கைரிம் விளையாட்டில் ஆட்கள் இரு கைகளையும் விரித்தபடி, கால் அசையாமல் வழுக்கிப் போகிறார்களா? வைரஸ் என்று பயந்து விண்டோஸை அழித்துவிடாதீர்கள். கலைஞர் உருவத்தை வடிக்கும்போது வைத்த ஆரம்ப நிலைதான் அது. அசைவுக் கோப்பு கிடைக்காவிட்டால் உருவம் அப்படியே நின்றுவிடும். இந்தச் சிக்கலோடு என்னிடம் வரும் பையன்களில் பலர் புது அசைவு ‘மாட்’ (விளையாட்டை மாற்றும் கூடுதல் கோப்பு) போட்டிருப்பார்கள்; அந்த அசைவுகளை விளையாட்டோடு இணைக்கும் நெமிசிஸ் போன்ற கருவியைத் திரும்ப ஓட்டியிருக்க மாட்டார்கள்.

சத்தம் வேறு கதை. வாள் மோதுவது கேட்கிறது, பேச்சு மட்டும் காணோம் என்றால் நான் முதலில் திறப்பது விண்டோஸ் ஒலி அமைப்பை. அங்கே 5.1 சரவுண்ட் என்றிருக்கும், மேசையிலோ இரண்டே ஸ்பீக்கர். நடு ஸ்பீக்கருக்குப் போகும் வசனம் போக இடமின்றித் தொலைகிறது. ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள், பேசுவார்கள். எதில் கை வைக்குமுன்னும் சேவ் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள்.